கேம் டைமிங்கும் ஐடிலும்: என்ஜினை மாற்றியமைக்கும் இளைஞர்கள் அறிய வேண்டியவை

சாலை சமிக்ஞை விளக்கில் நிற்கும் பழைய புரோட்டோன் சத்ரியாவைக் கடந்து போகிறவர்கள் சில நேரம் திரும்பிப் பார்ப்பார்கள். என்ஜின் சீராக ஓடாமல் குலுங்கிக் குலுங்கி, ‘தப... தப... தப’ என்று மூச்சிரைப்பது போல் ஒலிக்கும். அது பழுதல்ல, ‘கேம்’ மாற்றிய கார் என்பது விஷயம் தெரிந்தவர்களுக்குப் புரிந்துவிடும். அந்தச் சத்தத்துக்காகவே கேம் மாற்றுகிறவர்களும் உண்டு. ஆனால் அதே கார், ஏர்கோன் போட்டவுடன் நின்றுபோனாலோ, நெரிசலில் பிரேக் மிதி கல்லைப் போல் இறுகினாலோ, அது ரசிக்கிற விஷயமாக இருக்காது.

ஐடில் சரியில்லை என்றதும் பலர் முதலில் தேடுவது த்ராட்டில் பாடியில் உள்ள திருகாணியைத்தான். அதைச் சற்றுத் திருகினால் ஆர்பிஎம் ஏறும், கார் நிற்காது, வேலை முடிந்தது என்று பானெட்டை மூடிவிடுவார்கள். கேம் மாற்றிய என்ஜினில் கோளாறு பிறக்கும் இடம் பெரும்பாலும் அந்தத் திருகாணி அல்ல. கேம் டைமிங் அளக்கப்படாமல் இருப்பதே காரணம். அதை விட்டுவிட்டுத் திருகாணியைத் தொடுவது, கூரை ஒழுகும் இடத்தில் வாளி வைப்பது போலத்தான்.

மலேசியாவில் இந்தப் பேச்சு பெரும்பாலும் மிட்சுபிஷி வழி வந்த புரோட்டோன் கார்களைச் சுற்றியே நடக்கிறது. 1998இல் வெளிவந்த சத்ரியா ஜிடிஐ காரில் இருப்பது 1,834 சிசி கொள்ளளவுள்ள 4ஜி93 இரட்டை கேம் என்ஜின். ஜப்பானிலிருந்து ஹாஃப்-கட்டாக வந்து, வீராவிலும் சத்ரியாவிலும் ஏறிய 1.6 லிட்டர் 4ஜி92 மைவெக் என்ஜின் 175 குதிரைத்திறன் கொண்டது. இரண்டிலும் டைமிங் பெல்ட், இரண்டிலும் இன்டேக்குக்கு ஒரு கேம், எக்ஸாஸ்ட்டுக்கு ஒரு கேம். ஆகவே இரண்டையும் தனித்தனியாக முன்னும் பின்னும் நகர்த்த முடியும். வாய்ப்பும் அதுதான், ஆபத்தும் அதுதான்.

கேம் செய்யும் வேலை

நான்கு ஸ்ட்ரோக் என்ஜினில் கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்றும்போது கேம் ஒரு சுற்றுச் சுற்றும். கேமில் உள்ள முட்டை வடிவ மேடு வால்வை அழுத்தித் திறக்கிறது. எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது என்பதை ‘டியூரேஷன்’ என்றும், எவ்வளவு உயரம் திறக்கிறது என்பதை ‘லிஃப்ட்’ என்றும் பட்டறைகளில் சொல்வார்கள். இரண்டும் கேமிலேயே வெட்டப்பட்டவை. புல்லியைத் திருப்பி அவற்றை மாற்ற முடியாது. மாற்ற முடிவது, எப்போது திறக்கிறது, எப்போது மூடுகிறது என்பதை மட்டுமே.

பிஸ்டன் உச்சியில் இருக்கும்போது, எக்ஸாஸ்ட் வால்வு முழுதாக மூடுவதற்கு முன்பே இன்டேக் வால்வு திறக்கத் தொடங்கிவிடும். இரண்டும் சேர்ந்து திறந்திருக்கும் அந்த இடைவேளைதான் ‘ஓவர்லேப்’. ஐடில் பிரச்சினையின் வேர் இங்கேதான் இருக்கிறது.

கணக்கு கடினமானது அல்ல. சாதாரணமான ஒரு கேமை எடுத்துக்கொள்வோம்: இரு பக்கமும் 240 டிகிரி டியூரேஷன், மேட்டின் நடுப்புள்ளி உச்சியிலிருந்து 112 டிகிரி தள்ளி. இன்டேக் வால்வு உச்சிக்கு 8 டிகிரி முன்பு திறக்கும்; எக்ஸாஸ்ட் வால்வு உச்சிக்கு 8 டிகிரி பின்பு மூடும். ஓவர்லேப் 16 டிகிரி. இப்போது 264 டிகிரி டியூரேஷனும் 110 டிகிரி நடுப்புள்ளியும் கொண்ட ஒரு கேமைப் போடுவோம். இன்டேக் 22 டிகிரி முன்பே திறக்கிறது, எக்ஸாஸ்ட் 22 டிகிரி கழித்தே மூடுகிறது. ஓவர்லேப் 44 டிகிரி. கிட்டத்தட்ட மூன்று மடங்கு!

ஐடிலில் த்ராட்டில் மூடியிருப்பதால் இன்டேக் மேனிஃபோல்டுக்குள் வலுவான வெற்றிடம் இருக்கும். எக்ஸாஸ்ட் பக்கமோ ஏறக்குறைய வெளிக்காற்றின் அழுத்தத்தில் இருக்கும். இரண்டு வால்வும் ஒன்றாகத் திறந்திருந்தால், எரிந்த புகை பின்னோக்கிப் பாய்ந்து மேனிஃபோல்டுக்குள் நுழைகிறது. அடுத்த முறை சிலிண்டர் இழுப்பது பாதி புதுக்காற்று, பாதி பழைய புகை. அந்தக் கலவை சில முறை பற்றும், சில முறை பற்றாது. ‘தப... தப’ என்று கேட்பது அந்தப் பற்றாத முறைகளைத்தான். அதே என்ஜின் 5,000 ஆர்பிஎம்முக்கு மேல் போகும்போது, வெளியேறும் புகையின் வேகமே புதுக்காற்றை இழுத்து உதவி செய்யும். கீழே இடைஞ்சலாக இருந்த ஓவர்லேப் மேலே சக்தியாக மாறுகிறது. பெரிய கேம் போட்டவருக்குத் தொழிற்சாலை ஐடிலும் வேண்டும், ஸெபாங் தடத்தின் நேர்ப்பாதை வேகமும் வேண்டும் என்றால், இரண்டில் ஒன்றைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும்.

எந்தப் பக்கம் திருப்புவது?

கேமை அது சுழலும் திசையிலேயே சற்று முன்தள்ளினால் ‘அட்வான்ஸ்’; பின்னிழுத்தால் ‘ரிட்டார்ட்’. இன்டேக் கேமை அட்வான்ஸ் செய்தால் வால்வு சீக்கிரம் மூடும். குறைந்த வேகத்தில் இழுவை கூடும். ரிட்டார்ட் செய்தால் தாமதமாக மூடும். கீழே இழுவை குறைந்து, மேலே சக்தி கூடும். பட்டறைகளில் எல்லோரும் சொல்லும் பாடம் இது. அதில் பாதிதான் இருக்கிறது.

மறுபாதி ஓவர்லேப். மேலே சொன்ன 264 கேமில் இன்டேக்கை மட்டும் 4 டிகிரி அட்வான்ஸ் செய்தால் ஓவர்லேப் 44லிருந்து 48 ஆகிறது. எக்ஸாஸ்ட்டை ரிட்டார்ட் செய்தாலும் அது கூடும். மாறாக இன்டேக்கை 4 டிகிரி ரிட்டார்ட், எக்ஸாஸ்ட்டை 4 டிகிரி அட்வான்ஸ் செய்தால் ஓவர்லேப் 36 ஆகக் குறையும். கார் தினமும் வேலைக்குப் போகிறது, ஃபெடரல் நெடுஞ்சாலை நெரிசலில் ஏர்கோனோடு நிற்கிறது என்றால், இந்த இரண்டாவது வழியில் 2 முதல் 4 டிகிரி வரை நகர்த்திப் பார்ப்பதே அறிவுடைமை. உச்ச சக்தியில் ஏதோ கொஞ்சம் போகலாம். வீட்டுக்கு வந்து சேர்வது முக்கியம்.

இங்கே பலரும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. சரிசெய்யக்கூடிய கேம் புல்லிகளின் முகத்தில் கோடுகள் செதுக்கப்பட்டிருக்கும். சில தயாரிப்புகளில் அவை கேம் டிகிரி. சிலவற்றில் கிராங்க் டிகிரி. கேம் பாதி வேகத்தில் சுற்றுவதால் கேமில் 1 டிகிரி என்பது கிராங்கில் 2 டிகிரி. கேம் அட்டையில் எழுதப்பட்டிருப்பது வழக்கமாகக் கிராங்க் டிகிரி. 4 டிகிரி நகர்த்துவதாக நினைத்துக்கொண்டு 8 டிகிரி நகர்த்தியவர்கள் இருக்கிறார்கள்.

பெல்ட் ஒரு பல் தவறினால் என்ன ஆகும் என்பதையும் இதே கணக்கில் பார்க்கலாம். கேம் புல்லியில் 48 பல் இருந்தால், ஒரு பல் என்பது கேமில் 7.5 டிகிரி, கிராங்கில் 15 டிகிரி. புல்லியில் 2 டிகிரிக்கு மெனக்கெட்டுவிட்டு, பெல்ட்டை ஒரு பல் தள்ளி மாட்டினால் எல்லாம் வீண்.

கோட்டை நம்பாமல் அளப்பது

புல்லியைப் பூஜ்யத்தில் வைத்துப் பெல்ட்டை மாட்டினால் கேம் சரியான இடத்தில் இருக்கும் என்று எண்ணுவது இயல்பு. பல நேரங்களில் அது இருக்காது. பழைய என்ஜினின் ஹெட் வளைந்து, ‘ஸ்கிம்மிங்’ செய்யப்பட்டிருக்கலாம். ஹெட்டில் அரை மில்லிமீட்டர் சீவினால் கேமுக்கும் கிராங்குக்கும் உள்ள தூரம் அந்த அளவு குறைந்து, கேம் தானாகவே கிராங்க் கணக்கில் சுமார் 1 டிகிரி ரிட்டார்ட் ஆகிவிடும். கேஸ்கெட்டின் கனம் மாறினாலும் இதே கதை. கேம் வெட்டியதிலும் புல்லி கடைந்ததிலும் சிறு பிழைகள் இருக்கலாம். எல்லாம் ஒரே பக்கம் சேர்ந்துவிட்டால் 3, 4 டிகிரி எளிதாக விலகும்.

அதனால் அளக்க வேண்டும். தேவைப்படுபவை ஒரு டிகிரி வீல், அசையாத ஒரு கம்பி முள், பிளக் துளையில் திருகும் பிஸ்டன் ஸ்டாப்பர், ஒரு டயல் கேஜ். பேட்டரி ஒயரைக் கழற்றி வைத்துவிட்டுத் தொடங்குவது நல்லது. இந்த வேலை முழுதும் கையால்தான், ஸ்டார்ட்டரைத் தொடக்கூடாது.

முதலில் முதலாம் சிலிண்டரின் உண்மையான உச்சியைக் கண்டுபிடிக்க வேண்டும். பிஸ்டன் உச்சியருகே கிராங்க் சில டிகிரி திரும்பினாலும் பிஸ்டன் அசைவதே தெரியாது. கண்ணால் பார்த்து, ஸ்க்ரூ டிரைவர் விட்டுப் பார்த்துச் சொல்வதெல்லாம் ஊகம். பிஸ்டன் ஸ்டாப்பரைத் திருகிவிட்டு, கிராங்கை மெதுவாக ஒரு பக்கம் திருப்பி முட்டும் இடத்தில் டிகிரியைக் குறிக்க வேண்டும். பிறகு மறுபக்கம் திருப்பி முட்டும் இடத்தையும் குறிக்க வேண்டும். ஒரு பக்கம் 32, மறுபக்கம் 36 என்று வந்தால் முள் 2 டிகிரி விலகியிருக்கிறது. இரண்டு பக்கமும் 34 வரும்படி முள்ளை நகர்த்தினால், வீலின் பூஜ்யமே உண்மையான உச்சி. ஸ்டாப்பரை மறக்காமல் கழற்றிவிட வேண்டும்.

அடுத்து டயல் கேஜை இன்டேக் வால்வின் ரிட்டெய்னர் மேல், வால்வு போகும் கோட்டிலேயே சாய்த்து நிறுத்த வேண்டும். ஹைட்ராலிக் லிஃப்டர் உள்ள என்ஜினில், லிஃப்டர் எண்ணெய் வற்றி அமுங்கினால் கணக்கு பொய்யாகும். சோதனைக்காக அமுங்காத லிஃப்டரை அந்த ஒரு வால்வுக்கு மட்டும் வைத்துக்கொள்பவர்கள் உண்டு. வால்வு முழுதாகத் திறக்கும் இடத்தில் கேஜைப் பூஜ்யமாக்கி, கிராங்கை நன்றாகப் பின்னுக்குக் கொண்டுபோய், மீண்டும் என்ஜின் சுழலும் திசையில் முன்னேற வேண்டும். உச்சத் திறப்புக்கு 1.25 மில்லிமீட்டர் குறைவாக இருக்கும் இடத்தில் டிகிரியைப் படிக்க வேண்டும். உச்சத்தைத் தாண்டி, மறுபக்கம் அதே 1.25 மில்லிமீட்டர் இறங்கியதும் மீண்டும் படிக்க வேண்டும். முதலாவது 74, இரண்டாவது 146 என்றால் கூட்டி இரண்டால் வகுக்க 110. அதுதான் இன்டேக் கேமின் நடுப்புள்ளி.

கேம் அட்டை 110 என்று சொல்கிறது, அளந்தால் 113 வருகிறது என்றால், கேம் கிராங்க் கணக்கில் 3 டிகிரி ரிட்டார்ட். புல்லியில் 1.5 கேம் டிகிரி அட்வான்ஸ் செய்ய வேண்டும். அதன் பிறகு மீண்டும் அளக்க வேண்டும். படிக்கும்போது எப்போதும் ஒரே திசையில் திருப்பி வர வேண்டும். தாண்டிப் போய்விட்டால் பின்னுக்குத் திருப்பிப் படிக்கக் கூடாது. பெல்ட்டின் தொய்வு கணக்கில் ஏறிவிடும். எக்ஸாஸ்ட் பக்கமும் இதே முறை. அங்கே நடுப்புள்ளி உச்சிக்கு முன்பு வரும்.

முதல் தடவை இதற்கு அரை நாள் பிடிக்கும். தவுக்கேயின் பட்டறையில் கையாளாகச் சேர்ந்து, ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தே தொழில் கற்ற பலருக்கு இந்த அளவீட்டை யாரும் கற்றுக்கொடுத்திருக்க மாட்டார்கள். அவசரமான பட்டறையில் கோட்டுக்குக் கோடு வைத்து முடிப்பதுதான் வழக்கம். தொழிற்சாலைக் கேமுக்கு அது போதும். மாற்றிய கேமுக்குப் போதாது.

வால்வும் பிஸ்டனும்

4ஜி93 இரட்டை கேம் என்ஜினில் பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதும். பெல்ட் அறுந்தால் மட்டும் அல்ல. உயரமான லிஃப்ட் கொண்ட கேமை அளவுக்கு மீறித் திருப்பினாலும் மோதும். இன்டேக் வால்வை அட்வான்ஸ் செய்யும்போதும், எக்ஸாஸ்ட் வால்வை ரிட்டார்ட் செய்யும்போதும் பிஸ்டனுக்கும் வால்வுக்கும் உள்ள இடைவெளி சுருங்குகிறது. சீவிய ஹெட்டில் அது ஏற்கெனவே சுருங்கியிருக்கும்.

குழந்தைகள் விளையாடும் களிமண்ணைப் பிஸ்டன் தலையில் மெல்லப் பரப்பி, ஹெட்டைப் பழைய கேஸ்கெட்டோடு இறுக்கி, இரண்டு சுற்று கையால் சுற்றிவிட்டுக் கழற்றினால், வால்வு பதிந்த இடத்தில் களிமண்ணின் கனம் தெரியும். இன்டேக் பக்கம் சுமார் 2 மில்லிமீட்டர், எக்ஸாஸ்ட் பக்கம் சுமார் 2.5 மில்லிமீட்டர் இருக்க வேண்டும் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் விதி. எக்ஸாஸ்ட் வால்வு சூட்டில் நீள்வதாலும், வேகம் ஏறும்போது பிஸ்டன் அதைத் துரத்திக்கொண்டு வருவதாலும் அங்கே கூடுதல் இடைவெளி கேட்கிறது.

புல்லியை நகர்த்திய ஒவ்வொரு முறையும் கிராங்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்ற வேண்டும். எங்காவது தடை தெரிந்தால் அங்கேயே நிறுத்த வேண்டும். ஸ்பேனரை இன்னும் கொஞ்சம் அழுத்திப் பார்ப்போம் என்ற எண்ணமே வேண்டாம். சாவியைத் திருப்பி ஸ்டார்ட்டர் சுற்றும் அரை வினாடியில் வளையும் வால்வுகளுக்குப் பதில் புது ஹெட் வாங்க ஒரு மாதச் சம்பளம் போதாது.

நெருப்பும் நகர்கிறது

கேம் டைமிங் பற்றிப் பேசுகிறவர்கள் அடிக்கடி விட்டுவிடும் விஷயம் இது. சில என்ஜின்களில் டிஸ்ட்ரிபியூட்டர் அல்லது கேம் சென்சார், கேமின் முனையிலேயே பொருத்தப்பட்டிருக்கும். இசியு அதைப் பார்த்துத்தான் பிளக்கில் பொறி விடுகிறது என்றால், அந்தக் கேமை 4 டிகிரி அட்வான்ஸ் செய்தவுடன் இக்னிஷன் டைமிங்கும் 4 டிகிரி அட்வான்ஸ் ஆகிவிடும். கார் திடீரென்று சுறுசுறுப்பாகத் தோன்றும். கேம் வேலை செய்கிறது என்று மகிழ்ச்சியடைவார்கள். உண்மையில் வேலை செய்தது இக்னிஷன். ரோன் 95 பெட்ரோலில், மேட்டில் ஏறும்போது ‘நாக்கிங்’ சத்தம் கேட்கத் தொடங்கினால் பிஸ்டன்கள் அடி வாங்குகின்றன என்று அர்த்தம்.

ஆகவே கேமை நகர்த்திய பின் டைமிங் லைட் பிடித்து இக்னிஷனைச் சரிபார்ப்பது கட்டாயம். அந்தக் கால மிட்சுபிஷி என்ஜின்கள் பலவற்றில் அதற்கென்று ஒரு ஒயர் முனை இருக்கும். அதை எர்த்தில் இணைத்தால் இசியு தன் விருப்பப்படி டைமிங்கை ஆட்டாமல், உச்சிக்கு 5 டிகிரி முன்பு என்ற அடிப்படை நிலையில் நிறுத்திவைக்கும். அந்த நிலையில் பார்த்தால்தான் சரி. இணைக்காமல் லைட் பிடித்தால், ஐடிலைத் தாங்குவதற்காக இசியு டைமிங்கை ஆட்டிக்கொண்டே இருக்கும். கோடு ஓரிடத்தில் நிற்காது.

இனி ஐடில்

இதுவரை சொன்னவை முடிந்த பிறகே ஐடிலுக்கு வர வேண்டும். என்ஜின் முழுச் சூட்டில் இருக்க வேண்டும். ஏர்கோன், விளக்குகள், ரேடியேட்டர் காற்றாடி எல்லாம் அணைந்திருக்க வேண்டும்.

முதல் வேலை காற்றுக் கசிவு. இருபது வயது தாண்டிய காரில், நம் நாட்டு வெயிலில், ரப்பர் குழாய்கள் கருவாடு போல் காய்ந்திருக்கும். கசிவு இருக்கும் என்ஜினில் எந்தத் திருகாணியைத் திருகினாலும் பயனில்லை. சூடான என்ஜின் மேல் கார்புரேட்டர் கிளீனரை அடித்துக் கசிவு தேடும் பழக்கம் தீப்பிடிக்கக் கூடியது. புகை விட்டுச் சோதிக்கும் கருவி இப்போது பல பட்டறைகளில் உண்டு.

இரண்டாவது, எந்தத் திருகாணி எதற்கு என்று தெரிந்திருக்க வேண்டும். த்ராட்டில் பாடியில் காற்று வழியைக் கூட்டிக் குறைக்கும் அடிப்படை ஐடில் திருகாணி ஒன்று. த்ராட்டில் தகடு முழுதாக மூடி ஒட்டிக்கொள்ளாமல் தடுக்கும் நிறுத்துத் திருகாணி இன்னொன்று. முதலாவதைத் தொடலாம். இரண்டாவது தொழிற்சாலையில் வைத்து முத்திரையிட்டது. அதைத் திருகி ஆர்பிஎம் ஏற்றினால், கால் எடுத்த பிறகும் மிதி லேசாக அழுத்தியிருப்பதாக இசியு எண்ணிக்கொள்ளும். ஐடிலில் இருக்கிறோம் என்பதே அதற்குத் தெரியாது. பிறகு ஆர்பிஎம் 800க்கும் 1,800க்கும் இடையே ஊஞ்சலாடும். பட்டறை மாறி மாறி அலைந்தும் ஐடில் அடங்காத பழைய புரோட்டோனில் முதலில் சந்தேகிக்க வேண்டியது இந்தத் திருகாணியைத்தான்.

எவ்வளவு ஆர்பிஎம் வைப்பது? மாற்றாத என்ஜின் 750 முதல் 850 வரை சீராக ஓடும். 264 டிகிரி கேமுக்கு 850 முதல் 950, 272 டிகிரிக்கு 950 முதல் 1,100 என்பது அனுபவக் கணக்கு. ஒரே டியூரேஷன் கொண்ட இரு கேம்கள் ஒன்றுபோல் நடந்துகொள்வதில்லை என்பதால் இதைத் தொடக்கப் புள்ளியாக மட்டும் கொள்ளலாம். 272 கேமை 750இல் ஓட வைத்துக் காட்டுகிறேன் என்று மல்லுக்கட்டுவது வீண் வேலை.

பெட்ரோல் அளவில் ஒரு பொறி இருக்கிறது. வைட்பேண்ட் சென்சார் எக்ஸாஸ்ட்டில் எஞ்சியிருக்கும் ஆக்சிஜனை வைத்தே கலவையைக் கணிக்கிறது. ஓவர்லேப் அதிகமுள்ள என்ஜினில் ஒரு சிலிண்டர் பற்றாமல் போனால், எரியாத ஆக்சிஜன் அப்படியே வெளியேறும். சென்சாருக்கு அது பெட்ரோல் குறைவு போல் தெரியும். டியூன் செய்பவர் பெட்ரோலைக் கூட்டுவார்; பிளக் நனையும்; இன்னும் பற்றாது; மீட்டர் இன்னும் பெட்ரோல் குறைவு என்றே காட்டும். கண் எரிகிற அளவுக்குப் பெட்ரோல் வாடை அடிக்கும் காரில் மீட்டர் மட்டும் ‘பெட்ரோல் போதவில்லை’ என்று சொன்னால், மூக்கை நம்புவதே மேல். கேம் மாற்றிய என்ஜின் ஐடிலில் 14.7க்குப் பதில் 13 அல்லது 13.5 என்ற சற்றே கெட்டியான கலவையை விரும்புவது வழக்கம். தனி இசியு போட்டிருந்தால் ஐடிலில் இக்னிஷனைச் சில டிகிரி கூட்டுவது, பெட்ரோலைக் கூட்டுவதைவிட நன்றாக உதவும்.

தொழிற்சாலை இசியுவையே வைத்துக்கொண்டு பெரிய கேம் போட்டால், மேனிஃபோல்டு அழுத்தத்தை வைத்துக் கணக்கிடும் என்ஜின்களில் சிக்கல் கூடும். வெற்றிடம் குறைவதை, காருக்குச் சுமை ஏறிவிட்டது என்று இசியு எடுத்துக்கொண்டு தேவையில்லாமல் பெட்ரோல் ஊற்றும்.

மலிவான ஒரு கருவி

மேலே சொன்ன எல்லாவற்றையும் ஒரே பார்வையில் காட்டும் கருவி வெற்றிட மீட்டர். மாற்றாத, நல்ல நிலையில் உள்ள என்ஜின் ஐடிலில் சுமார் 18 முதல் 20 அங்குலம் காட்டும். மிதமான கேமில் அது 14 முதல் 16 அங்குலமாக இறங்கும். பந்தயக் கேமில் 10க்கும் கீழே போகும். கேமை 2 டிகிரி நகர்த்தியதும் முள் மேலே ஏறியதா, இறங்கியதா என்று பார்த்தால், ஐடிலுக்கு அது நல்லதா கெட்டதா என்று உடனே தெரிந்துவிடும். மலையில் பார்க்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ஏறக்குறைய 300 மீட்டர் உயரத்துக்கு 1 அங்குலம் குறையும். 1,400 மீட்டர் உயரத்திலுள்ள தானா ராத்தாவில் நல்ல என்ஜினே 14, 15 காட்டும். கீழே தாப்பாவில் வைத்த ஐடில் மேலே போனதும் மாறுவதற்கும் அதுவே காரணம்.

இந்த முள்ளோடு உயிரும் சேர்ந்திருக்கிறது. பிரேக் பூஸ்டர் வேலை செய்வது இன்டேக் மேனிஃபோல்டின் வெற்றிடத்தால்தான். அது குறைந்தால் மிதிக்குக் கிடைக்கும் துணை குறையும். வேகமாக ஓட்டிக் கால் எடுக்கும்போது வெற்றிடம் தானாகக் கூடுவதால் நெடுஞ்சாலையில் பெரும்பாலும் தெரியாது. பல மாடிக் கார் நிறுத்துமிடத்தின் சரிவிலோ, நெரிசலில் ஊர்ந்துகொண்டு மீண்டும் மீண்டும் மிதிக்கும்போதோ, மூன்றாவது மிதியில் இறுகிவிடும்.

சோதிப்பது எளிது. என்ஜினை அணைத்துவிட்டு, மிதி இறுகும் வரை நாலைந்து முறை மிதிக்க வேண்டும். கடைசியாக மிதித்த காலை எடுக்காமல் என்ஜினை இயக்கினால் மிதி சற்றுக் கீழே இறங்க வேண்டும். பிறகு ஐடிலிலேயே அடுத்தடுத்து நான்கு முறை மிதித்துப் பார்க்க வேண்டும். இறங்கவில்லை, அல்லது மிதிக்க மிதிக்கக் கடினமாகிறது என்றால் அந்தக் கார் சாலைக்கு வரக் கூடாது. மின்சார வெற்றிடப் பம்பு பொருத்தலாம். அல்லது ஓவர்லேப்பைக் குறைத்து, அந்தக் குலுங்கும் சத்தத்தைத் தியாகம் செய்யலாம்.

எல்லாக் காருக்கும் பொருந்தாது

2005இல் வந்த முதல் மைவியின் 1.3 லிட்டர் என்ஜின் டிவிவிடி வகை. அதன் இன்டேக் கேமை இசியுவே எண்ணெய் அழுத்தத்தைக் கொண்டு ஓடும்போதே நகர்த்துகிறது. அங்கே சாதாரண கேம் புல்லிக்கு வேலையில்லை. இசியுவின் கணக்கை மாற்ற வேண்டும். மைவெக் என்ஜினில் குறைந்த வேகத்துக்கு ஒரு மேடு, உயர்ந்த வேகத்துக்கு வேறு மேடு. ஐடில் ஓடுவது சிறிய மேட்டில் என்பதால், கேமை மாற்றாமல் புல்லியை மட்டும் மாற்றியவர்களுக்கு ஐடில் தொல்லை குறைவு.

சட்டத்தையும் சொல்லிவிட வேண்டும். ஹாஃப்-கட் என்ஜின் ஏற்றினால் சாலைப் போக்குவரத்துத் துறையின் அனுமதி பெற்று, புஸ்பாகோம் பரிசோதனை முடித்து, புதிய என்ஜின் எண்ணைப் பதிவில் மாற்ற வேண்டும். மாற்றாத கார் விபத்தில் சிக்கினால் காப்புறுதிப் பணம் கிடைப்பதும் கேள்விக்குறி. புகைப் பரிசோதனையும் ஐடிலில் நடப்பதால், பெட்ரோல் வாடை அடிக்கும் கார் அங்கேயே மாட்டிக்கொள்ளும்.

எல்லாம் சரியாக அமைந்த பின், புல்லியின் போல்ட்டுகளைத் தயாரிப்பாளர் சொன்ன இறுக்கத்தில் டார்க் ரெஞ்சு வைத்து முடுக்க வேண்டும். வெள்ளைப் பெயிண்டால் போல்ட்டிலிருந்து புல்லிக்கு ஒரு கோடு இழுத்துவிட்டால், பின்னால் நழுவியதா என்று டைமிங் கவரைக் கழற்றியதுமே தெரியும். முதல் 500 கிலோமீட்டர் ஓடியதும் ஒருமுறை திறந்து பார்க்க வேண்டும். இன்டேக் எத்தனை டிகிரி, எக்ஸாஸ்ட் எத்தனை டிகிரி, ஐடில் ஆர்பிஎம், வெற்றிட அளவு, தேதி ஆகியவற்றை ஒரு டேப்பில் எழுதி அந்தக் கவரின் உட்புறம் ஒட்டிவைக்கலாம்; அடுத்து பெல்ட் மாற்றப் போகிறவர் யாராக இருந்தாலும் அது தேவைப்படும்.